மூன்றாவது குவியல்

எப்படிச் சொன்னாலும் அது தப்பாகத்தான் வரும் என்று மாரிக்கனிக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. முதலில் ஆட்டோவைச் சொன்னால், ஆட்டோவுக்கு என்ன என்பார்கள். முதலில் பிள்ளையைச் சொன்னால், எந்தப் பிள்ளை, உனக்கு யார் சொன்னது என்பார்கள். முதலில் சீட்டை எடுத்து நீட்டினால், இது உன் கையில் எப்படி வந்தது, போன வியாழக்கிழமையே எரிக்கச் சொல்லிக் கொடுத்தாயிற்றே என்பார்கள். நாப்கின் ரூம் படியில் துடைப்பத்தை மடியில் சாய்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற சத்தம் குழாயடியில் கேட்டது. மணி ஒன்றேமுக்கால் இருக்கும். இரண்டரைக்கு ஜரீனா சிஸ்டர் ஸ்கூட்டரில் வந்துவிடுவாள். வந்தவுடன் ஜெசிந்தா டீச்சரும் அவளும் பெட்டியைத் திறப்பார்கள். அதற்குள் சொல்லியாக வேண்டும். டீச்சர், ஒரு விஷயம். இல்லை, டீச்சர், கோவப்படாதீங்க. கோவப்படாதீங்க என்று ஆரம்பித்தாலே கோபப்படுகிறவர்கள் அவர்கள். ரவிக்கைக்குள் வைத்திருந்த சின்ன பர்ஸ் வியர்வையில் ஒட்டிக்கொண்டு உறுத்தியது. அதற்குள் எட்டாக மடித்த அந்தச் சீட்டு இருந்தது. ஏழு நாளாக அங்கேயேதான் இருக்கிறது. குளிக்கும்போது கழற்றி வைத்து, குளித்ததும் முதல் வேலையாக எடுத்து வைத்துக்கொள்கிறாள். நீல மை பரவி, எழுத்துகள் கால் வீங்கின மாதிரி தடித்துவிட்டன. அவளுடைய காலும் வீங்கித்தான் இருந்தது. அதற்கும் அந்தச் சீட்டுதான் காரணம்.

பெட்டி வந்து இரண்டு வருஷம் இருக்கும். வளர்கிற பெண் பிள்ளைகளுக்கு டீச்சரும் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சும் சேர்ந்து பாடம் எடுக்க வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்ததாம். சேர்ந்து என்று எழுதின புண்ணியவானுக்கு இவர்கள் இரண்டு பேரையும் தெரியாது. முதல் நாள் ஜெசிந்தா டீச்சர் ஜன்னலையெல்லாம் சாத்தினாள். ஜரீனா சிஸ்டர் வேர்க்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்தாள். டீச்சர் போர்டில் செம்பருத்திப் பூவை வரைந்து மகரந்தம், சூலகம் என்று போய்க்கொண்டே இருந்தாள். "டீச்சர், எப்ப மனுசருக்கு வருவீங்க?" என்றாள் சிஸ்டர். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பெரிய டீச்சரே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிஸ்டர் சுருட்டி எடுத்து வந்த படத்தை மாட்டினால், டீச்சர் அதன் கீழ்ப்பாதியில் பேப்பரை ஒட்டிவிட்டுத்தான் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்கச் சொன்னாள். "அதத்தான டீச்சர் சொல்லப்போறேன், அதையே மூடிட்டீங்களே." "நீங்க வாயால சொல்லுங்க சிஸ்டர், போதும்." டீச்சர் சொன்ன பெயர்களெல்லாம் புத்தகத்தில் இருக்கிற பெயர்கள், வீட்டில் எவரும் சொல்ல மாட்டார்கள். சிஸ்டர் சொன்னதெல்லாம் இங்கிலீஷ். வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்று கேட்ட மாரிக்கனிக்கு, நாற்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு, தன் உடம்பில் இத்தனைக்கும் பெயர் இருக்கிறதா என்று இருந்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் 'அது', 'அங்க', 'கீழ'. அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு கல்யாணம், பிரசவம், கர்ப்பப்பைக் கட்டி எல்லாவற்றையும் கடந்து வந்தாயிற்று. கேட்க வெட்கப்படுகிற பிள்ளைகள் எழுதிப் போடட்டும் என்று, மூடியில் பிளவு போட்ட பிஸ்கட் டின் ஒன்றை சிஸ்டர்தான் கொண்டுவந்தாள். சின்னப் பூட்டு. அதை நாப்கின் ரூமில் வைத்தார்கள், ஏனென்றால் அங்கேதான் பிள்ளைகள் தனியாக வருவார்கள். வியாழக்கிழமை வியாழக்கிழமை திறந்து பிரிப்பார்கள், மூன்று குவியல். பாடத்தில் வருவது டீச்சர் பக்கம். நோய் நொடி, வலி, வெள்ளைப்படுதல் எல்லாம் சிஸ்டர் பக்கம். இரண்டிலும் வராதது நடுவில். 'ஜெசிந்தா டீச்சர், அந்த ஊதாச் சேலையை எப்ப மாத்துவீங்க?', 'என் பிரண்டு ஒருத்தனை லவ் பண்றா, நான் என்ன செய்ய?', கெட்ட வார்த்தை, சினிமாக்காரன் பெயர், பூப்படம். அந்த மூன்றாவது குவியலை அள்ளி, "கனி, கொண்டுபோய்க் கொளுத்திரு" என்று கொடுப்பார்கள். கழிப்பறைக்குப் பின்னால் நாப்கின் எரிக்கிறதற்குச் செங்கல்லில் கட்டின அடுப்பு. இரண்டு வருஷமாக அவள் கொளுத்தி வருகிறாள்.

கொளுத்துவதற்கு முன்னால் படிப்பாள். அதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடியும், ஆனாலும் படிப்பாள். அடுப்பு ஓரத்தில் குந்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்து, சிரித்து, உள்ளே போடுவாள். வாரத்துக்கு ஒரு நாள் அவளுக்கென்று எழுதி அனுப்பின கடிதங்கள் மாதிரி இருந்தது அது. போன வியாழக்கிழமையும் அப்படித்தான் பிரித்தாள். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் டீச்சர் அந்தச் சீட்டை எடுத்து மேல் வரியைப் படித்தாள், "நான் ஆட்டோவில் கடைசியாக இறங்குவேன்." மணி மூன்றரை, டீச்சருக்குப் பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸ், சிஸ்டருக்கு இரண்டு ஊர் தள்ளி ஒரு பிரசவ வீடு. "என்ன இது, ஆட்டோ லேட்டுன்னு கம்ப்ளெய்ண்டா? உங்களுக்கா?" "எனக்கு எதுக்கு டீச்சர் ஆட்டோ? எங்கிட்டத்தான் ஸ்கூட்டர் இருக்கே" என்று சிரித்துக்கொண்டே சிஸ்டர் அதை வாங்கினாள், படிக்கவில்லை, வாங்கின கையோடு நடுவில் போட்டாள். டீச்சர் சிஸ்டர் படித்துவிட்டாள் என்று நினைத்தாள். சிஸ்டர் டீச்சர் படித்துவிட்டாள் என்று நினைத்தாள். இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலையில் இப்படித்தான், சோற்றுக்கு இரண்டு பேரும் உப்புப் போடுவார்கள், இல்லாவிட்டால் இரண்டு பேரும் போட மாட்டார்கள். அடுப்படியில் மாரிக்கனிதான் மிச்சத்தைப் படித்தாள். 'நான் ஆட்டோவில் கடைசியாக இறங்குவேன். கல்லுப்பாலம் தாண்டினதும் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். டிரைவர் மாமா முன்னாடி வந்து பக்கத்தில் உட்காரச் சொல்கிறார். நான் பேக்கை மடியில் வைத்தாலும் எடுத்துவிடுகிறார். எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். யாரிடம் சொல்வது?' தீக்குச்சி விரல் வரைக்கும் எரிந்து வந்து சுட்டது. இன்னொரு குச்சியை உரசினாள். அதுவும் சுட்டது. மற்ற சீட்டுகளைப் போட்டுக் கொளுத்திவிட்டு இதை மட்டும் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். ஏன் வைத்துக்கொண்டோம் என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அப்போதே திரும்ப ஓடி, டீச்சர் இதை முழுசும் படிங்க என்றிருந்தால் முடிந்திருக்கும். ஓடவில்லை. கல்லுப்பாலம் என்ற சொல்லைப் படித்தவுடனேயே அந்த டிரைவர் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கல்லுப்பாலம் தாண்டிப் போகிற பள்ளிக்கூட ஆட்டோ ஒன்றுதான். பால்ராசு ஆட்டோ. பால்ராசு அவளுடைய மருமகனுக்கு அண்ணன். மகள் கவுசல்யா வாழ்கிற வீட்டில் அவன்தான் மூத்தவன், அவன் வைத்ததுதான் சட்டம். கவுசல்யாவுக்கு இது ஏழாம் மாசம். அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க அவள் என்னென்ன கேட்டிருப்பாள், குடிக்கிறானா, அடிக்கிறானா, கடன் கிடன் உண்டா, எல்லாம் கேட்டாள். மாப்பிள்ளையைப் பற்றித்தான் கேட்டாள். மாப்பிள்ளையின் அண்ணனைப் பற்றி யார் கேட்பார்கள்? பால்ராசு நல்லவன் என்றுதான் ஊரே சொல்லும். மழை நாளில் இவளை வழியில் பார்த்தால் நிறுத்துவான், "ஏறுங்கத்தை, நனைஞ்சிட்டு எதுக்குப் போறீங்க", ஒரு பைசா வாங்க மாட்டான். அவன் ஆட்டோவில் சாமி படம், பக்கத்தில் அவன் பிள்ளைகள் படம். இவள் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும், சம்பந்தக்காரியே கிளப்பிவிட்டாள் என்று ஆகிவிடும். வயிற்றுப் பிள்ளையோடு கவுசல்யா பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். எம்மா, நீ ஏம்மா வாயத் தொறந்த என்பாள். அந்த எம்மாவை இப்போதே கேட்க முடிந்தது, காதுக்குப் பக்கத்தில், மூச்சோடு. சரி, பொய்யாக இருந்தால்? பிள்ளைகள் எதையாவது எழுதும். பிடிக்காத வாத்தியாரைப் பேய் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். பொய்யாக இருக்கட்டும் கடவுளே என்று நினைத்த மறு நிமிஷமே அந்தப் பேக் ஞாபகம் வந்தது. போன மாசம் பள்ளிக்கூட வாசலில் ஆட்டோ கிளம்பும்போது அவள் பார்த்திருக்கிறாள், எட்டாம் வகுப்பு அபிஷா, கீழவேலங்குளத்துப் பிள்ளை, பின் சீட்டில் ஓரத்தில் உட்கார்ந்து புத்தகப் பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் இடம் இருந்தது. பையைக் கீழே வைக்க இடம் இருந்தது. அன்றைக்கு, பிள்ளை என்ன பையைக் கொஞ்சுது என்று நினைத்துக்கொண்டு பெருக்கப் போய்விட்டாள். பொய் எழுதுகிற பிள்ளைக்குப் பையை அப்படிப் பிடிக்கத் தெரியாது.

அது மாரிக்கனிக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் அவளும் பிடித்திருக்கிறாள், பையை அல்ல, சைக்கிள் பாரை. அப்பாவின் கூட்டாளி ஒருத்தர், சித்தப்பா சித்தப்பா என்று கூப்பிட்டுப் பழக்கம், உப்பளத்துக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். பின்னால் கேரியர் இருந்தும் முன்னால் பாரில்தான் உட்கார வைப்பார். அதை அம்மாவிடம் சொல்ல அவளுக்கு நாலு நாள் ஆயிற்று. என்ன வார்த்தை இருந்தது சொல்ல? "எம்மா, சித்தப்பா சைக்கிள வேகமா ஓட்டுதாரு" என்றாள். "ஓட்டட்டும்" என்றாள் அம்மா. "எம்மா, சித்தப்பா முன்னாடி உக்கார வைக்காரு." அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். தண்ணீர் வெள்ளையாகச் சட்டியில் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட அடுத்த வார்த்தை தானாக வந்திருக்கும். மறுநாள் காலையில் அவளுடைய பை பரணில் இருந்தது. "படிச்சது போதும், வீட்ல இரி." அவ்வளவுதான். சித்தப்பா அதற்குப் பிறகும் வந்தார். அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தது அவள்தான். "என்ன புள்ள, பள்ளிக்கூடம் போகலியா?" என்று கேட்டுக்கொண்டே வாங்கிக் குடித்தார். அன்றையிலிருந்து அவளுக்கு ஒரு சந்தேகம், வேறு மாதிரிச் சொல்லியிருந்தால்? சைக்கிளில் ஆரம்பிக்காமல் வேறு எதிலாவது ஆரம்பித்திருந்தால்? எதை முதலில் சொல்ல வேண்டுமோ அதை முதலில் சொல்லியிருந்தால் பை பரணுக்குப் போயிருக்காதோ? எத்தனையோ மாதிரிச் சொல்லிப் பார்த்துவிட்டாள், பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, பிரசவ வலியில்கூட ஒரு தரம். அம்மா செத்தும் போய்விட்டாள். இன்னும் சொல்லி முடியவில்லை. ஆனால் அந்த ஏழு வருஷப் படிப்பை அவள் விடவில்லை. ஊராட்சி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த அன்று கிளார்க் அவள் சேலையைப் பார்த்தான், காலைப் பார்த்தான், மை டப்பாவை அவள் பக்கம் தள்ளினான். அதை அவன் பக்கமே தள்ளிவிட்டு, அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மா. மாரிக்கனி என்று உருட்டி உருட்டி எழுதிவிட்டு நிமிர்ந்தாள். கிளார்க் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் மனசுக்குள் ஒரு ஊற்று. பள்ளிக்கூடத்தில் அந்தக் கையெழுத்தை யாரும் பார்த்ததில்லை. சம்பளமும் கையெழுத்தும் அங்கே, பெருக்குவதும் கழுவுவதும் இங்கே.

முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. வெள்ளிக்கிழமை அவள் செய்த காரியம் அது. சாயங்காலம் ஆட்டோ கிளம்புகிற நேரத்துக்குப் போய் நின்று, "தம்பி, கீழவேலங்குளத்துல ஒரு நேர்ச்சை இருக்கு, ஏறிக்கிடவா?" என்றாள். "இது என்ன கேள்வி அத்தை, ஏறுங்க." கல்லுப்பாலத்தில் எல்லாப் பிள்ளைகளும் இறங்கினதும் இவளும் அபிஷாவும் மட்டும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை இவளைப் பார்க்கவில்லை, பாலத்தைப் பார்த்தாள். ஊர் வந்ததும் பையை நெஞ்சிலிருந்து எடுத்துத் தோளில் போட்டாள், அப்போதுதான் ஒரு தரம் பார்த்தாள். இவள் கோயில் வாசலில் சும்மா ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அத்தனை தூரமும் நடந்தே திரும்பினாள், ஏனென்றால் அவனோடு தனியாகத் திரும்பி வர அவளுக்கே மனசு வரவில்லை. திங்கட்கிழமையும் போனாள். செவ்வாய்க்கிழமை பால்ராசு கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே கேட்டான், "என்னத்தை, தெனமும் நேர்ச்சையா? அப்படி என்ன வேண்டுதலு?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். சிரிப்பு வாயில் இருந்தது, கண்ணாடிக்குள் இருந்த கண்ணில் இல்லை. அன்று இரண்டு மைல் நடந்த பிறகு கால் வரமாட்டேன் என்றது. புதன்கிழமை போகவில்லை. நேற்றுப் போகவில்லை என்பதை நினைக்காமல் இருக்கத்தான் காலையிலிருந்து ஒரே வராந்தாவை மூன்று தரம் கூட்டியிருக்கிறாள். ஒரு கிழட்டுக் கால் எத்தனை நாளைக்குக் காவல் போகும்? ஆட்டோவுக்கு நாலு மாசப் பள்ளிக்கூடம் பாக்கி இருக்கிறது.

"அக்கா." நிமிர்ந்தாள். அபிஷாதான். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், ரெட்டைச் சடை, ஒரு ரிப்பன் அவிழ்ந்திருந்தது. "ஒரு பாக்கெட் வேணும்க்கா." மாரிக்கனி உள்ளே போய் எடுத்துப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். பிள்ளை வாங்கிக்கொண்டு போகவில்லை. அலமாரி மேல் இருந்த பிஸ்கட் டின்னைப் பார்த்தாள். "அக்கா, இதத் தொறந்தா எல்லாச் சீட்டையும் படிப்பாங்களாக்கா?" "படிப்பாங்கம்மா." "எல்லாத்தையுமா?" "எல்லாத்தையுந்தான்." "போன வாரம் நான் ஒண்ணு போட்டேன். வெள்ளைப்படுறதுக்குச் சொன்னாங்க, ரத்தம் கூடப் போறதுக்குச் சொன்னாங்க. எனக்குச் சொல்லவே இல்ல." மாரிக்கனிக்கு ரவிக்கைக்குள் பர்ஸ் கனத்தது. "இந்த வாரம் சொல்லுவாங்களாயிருக்கும்." "சொல்லலன்னா, அப்ப அதுக்குப் பதில் கெடையாதுன்னுதானக்கா அர்த்தம்?" "ஏட்டி, சும்மா கெட. பதில் இல்லாத கேள்வி இருக்கா? ரிப்பனக் கட்டு, பிசாசு மாதிரித் திரியாத." பிள்ளை பாக்கெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ரிப்பனைக் கட்டினாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். "நேத்து ஏங்க்கா ஆட்டோவுக்கு வரல?" "கால் வலிம்மா" என்று அவள் சொல்லும்போது பிள்ளை போய்விட்டிருந்தாள்.

மணி இரண்டு அடித்தது. இனி வாயால் சொல்ல முடியாது என்பது எப்போது முடிவாயிற்று என்று அவளுக்குத் தெரியாது. கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, நாப்கின் பெட்டிக்குள் யாரோ போட்டுவிட்டுப் போயிருந்த ரூல்டு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். பென்சில் துண்டு ஒன்று ஜன்னலில் கிடந்தது. பழைய சீட்டையே திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். போட்டால் டீச்சர் மறுபடியும் மேல் வரியைப் படிப்பாள், ஆட்டோ. இதப் போன வாரமே பாத்தமே, எரிக்கலையா கனி? கூட ஒரு துண்டில், முழுசும் படிக்கவும் என்று எழுதிக் குத்தினால்? மேல் வரியோடு நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தவள் அந்த ரூமில் இருந்தவளாகத்தானே இருக்க வேண்டும், அது இவள் ஒருத்திதானே. பழைய சீட்டைப் பிரித்து முழங்காலில் விரித்தாள். அரிசிச் சட்டியில் அம்மாவின் கை நின்றது ஞாபகம் வந்தது. சைக்கிளில் ஆரம்பித்ததுதான் தப்பு. இந்தப் பிள்ளை ஆட்டோவில் ஆரம்பித்ததும் அதே தப்பு. பயந்த பிள்ளைகள் எப்போதும் வாகனத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். அடி வரியில்தான் விஷயம் இருக்கிறது. அப்படியென்றால் அடி வரியை மேலே கொண்டுவந்தால் போச்சு. 'யாரிடம் சொல்வது?' என்று எழுதினாள். அது ஒரு வரி. 'வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்.' இரண்டு. 'எனக்குப் பிடிக்கவில்லை. பேக்கை மடியில் வைத்தாலும் எடுத்துவிடுகிறார்.' பக்கத்தில் உட்காரச் சொல்வதை எழுதினாள், வேறு யாரும் இல்லாததை எழுதினாள், கல்லுப்பாலத்தை எழுதினாள், கடைசி வரியாக ஆட்டோவில் கடைசியாக இறங்குவதை எழுதினாள். தன் சொல் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. பிறகு சேர்த்தாள், ஒரே ஒரு வரி, இடம் இருந்தது, கை தானாகப் போயிற்று: 'பையைப் பரணில் போட விடாதீர்கள்.' எழுதி முடித்துத் தூரப் பிடித்துப் பார்த்தாள். உருண்டை உருண்டையாக, கோட்டைத் தொட்டுத் தொட்டு, ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுத்து. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவளுடைய கை அங்கேயே நின்றுவிட்டிருந்தது. அவளுக்கு இத்தனை வயதாகிவிட்டது என்பதை அந்தக் கைக்கு யாரும் சொல்லவில்லை. மடித்து டின்னுக்குள் போட்டாள். பழைய சீட்டை எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் வைத்துக் கொளுத்தினாள். போன வாரம் சொன்ன வேலையை இந்த வாரம் செய்தாயிற்று.

இரண்டரைக்கு சிஸ்டர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தாள். டீச்சர் சாவியோடு வந்தாள், அதே ஊதாச் சேலை. டின்னைத் திறந்து மேஜையில் கொட்டினார்கள். மாரிக்கனி வழக்கம்போலத் தீப்பெட்டியோடு கதவருகில் நின்றாள். "இது உங்களுக்கு சிஸ்டர், முடி கொட்டுதாம்." "இது உங்களுக்கு, எக்ஸ் ஒய்யாம்." "இது யாருக்கும் இல்ல, பூ." நடுவில் ஒன்று, இரண்டு என்று விழுந்தது. டீச்சர் ஒரு சீட்டைப் பிரித்தாள். "யாரிடம் சொல்வது..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள். உதடு மட்டும் அசைந்தது. கண் கீழே இறங்கி இறங்கிப் போவதை மாரிக்கனி பார்த்தாள். கடைசி வரி வரைக்கும் போய், மறுபடியும் மேலே போயிற்று. டீச்சர் சீட்டை நீட்டினாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே வாங்கி, படித்தாள், இந்தத் தடவை படித்தாள். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள், அவளே, ஒவ்வொன்றாக. "ஆட்டோ..." என்றாள் டீச்சர். "சிஸ்டர், போன வாரம் ஒண்ணு வந்துச்சே. ஆட்டோன்னு." "நீங்க படிச்சீங்கன்னு நெனச்சேன் டீச்சர்." "நீங்க படிச்சீங்கன்னு நெனச்சேன்." சிஸ்டர் சீட்டின் கீழ் வரிகளில் விரலை வைத்தாள். "கல்லுப்பாலத்துக்கு அந்தாண்ட போறது யாரு?" "கீழவேலங்குளம். எட்டு பி அபிஷா. என் கிளாசுதான். ஆனா இது அவ எழுத்து இல்லையே." "பயத்துல இடது கையால எழுதிருப்பா டீச்சர். எழுத்த விடுங்க. இன்னைக்கு அந்தப் பிள்ள ஆட்டோல போகக் கூடாது, என் வண்டில நான் கூட்டிட்டுப் போறேன். மொதல்ல அவகிட்ட பேசணும், நீங்களும் நானும் சேர்ந்து. அப்புறம் பிள்ளைங்க பாதுகாப்பு ஆபீசுக்குப் போன்." "வீட்ல படிப்ப நிறுத்திட்டா?" "நிறுத்த வந்தா நீங்க வாசல்ல நில்லுங்க, நான் உள்ள நிக்கிறேன்." டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். இன்ன தேதி, இன்ன நேரம், பெட்டி திறந்தபோது இந்தச் சீட்டு இருந்தது என்று எழுதி, சீட்டைப் பக்கத்தில் வைத்து ஊக்குப் போட்டாள். கையெழுத்துப் போட்டாள். சிஸ்டரும் போட்டாள். "கனி, நீயும் வா. தொறக்கும்போது நீயும்தான இருந்த, ஒரு கையெழுத்துப் போடு."

மாரிக்கனி மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். டீச்சர் நீட்டின பேனா, நீல மை. அதற்கு ஒரு விரல் தள்ளி அந்தச் சீட்டு, அந்த உருண்டை 'ரி', உருண்டை 'க', வாலைச் சுருட்டின 'ன'. இங்கே எழுதினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. சிஸ்டருக்குக் கண் கூர்மை. அப்புறம் யார் எழுதினது என்பார்கள், பிறகு எப்படித் தெரியும் என்பார்கள், பிறகு ஒரு நாள் பால்ராசு காது வரைக்கும் போகும், கவுசல்யா பையோடு வந்து வாசலில் நிற்பாள். இவள் பேனாவைப் பார்த்தாள். மை டப்பாவைத் தள்ளிவிட்ட அன்று கிளார்க் முகம் போன போக்கைப் பார்த்தாள். "எனக்கு எழுத்து தெரியாது டீச்சர்" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. "கைநாட்டுத்தான்." "அட, ஆமால்ல, உனக்கு எங்க தெரியும்" என்று டீச்சர், குற்றமாக அல்ல, பிரியமாகத்தான் சொன்னாள். மேஜை டிராயரில் தேடி ஸ்டாம்பு மை டப்பாவை எடுத்துத் திறந்தாள். மாரிக்கனி தீப்பெட்டியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு இடது கட்டை விரலை நீட்டினாள். தாளின் மேல் அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல அவள் தயங்கி நிற்க, டீச்சர் அந்த விரலைப் பிடித்து, சின்னப் பிள்ளைக்கு அகரம் எழுத வைக்கிற மாதிரி, மெதுவாக அழுத்தினாள்.